ஹட்டனுக்கு ஏறும் டயர்

அவிசாவளையில் தொடங்கும் ஏ7 வீதி எட்டியாந்தோட்டை வரைக்கும் றப்பர் காட்டுக்குள்ளேதான் போகிறது. வெட்டிய பட்டையும், கட்டிய சிரட்டையும், ஈரமான இலைச்சருகும் இருபுறமும் தெரியும். கித்துல்கலையைத் தாண்டி கினிகத்தேனைக்கு ஏறத் தொடங்கியதும் றப்பர் பின்வாங்கிவிடும். வட்டவளையில் தேயிலை. அதன்பிறகு ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா என்று நுவரெலியா வரைக்கும் தேயிலைதான். றப்பருக்குச் சூடு வேண்டும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாக் குளிரில் அது பால் சுரக்காது. ஆனால் மலையில் ஓடும் ஒவ்வொரு வண்டியும் நான்கு துண்டு றப்பரின் மேல்தான் நிற்கிறது. கொழும்புப் பக்கமிருந்து லொறியில் ஹட்டன் கடைக்கு வரும் புது டயர், தன் தாய் மரங்களுக்கு நடுவாகத்தான் மேலே ஏறி வருகிறது.

அந்த மரமும் இந்த மண்ணுக்கு உரியதல்ல. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் தபஜோஸ் ஆற்றங்கரையில் ஏறக்குறைய 70,000 றப்பர் விதைகளைச் சேர்த்து லண்டன் கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை மிகச் சொற்பம். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி, 1,900க்கும் மேற்பட்டவை, அதே ஆண்டு கண்ணாடிப் பெட்டிகளில் கப்பலேறி இலங்கைக்கு வந்தன. கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொடை தோட்டத்தில் அவற்றை நட்டார்கள். காற்றடைத்த டயரை டன்லப் செய்ததோ 1888இல். மரம் 12 ஆண்டுகள் முந்திக்கொண்டது. மோட்டார் வண்டி உலகத்தை ஆட்கொண்டபோது களுத்துறையிலும் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் மரம் தயாராக நின்றது.

மரத்தின் வரலாறு எழுதப்பட்ட அளவுக்குப் பால் வெட்டியவர்களின் வரலாறு எழுதப்படவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களில் ஒரு பகுதி மேலே தேயிலைக்குப் போனது. இன்னொரு பகுதி கீழே றப்பருக்குப் போனது. அக்கா கொழுந்து பறிக்க, தங்கை பால் வெட்டக் கல்யாணமாகிப் போன குடும்பங்கள் உண்டு. விடியுமுன் மரத்துக்குப் போய், சாய்வாக மெல்லிய கீறல் போட்டு, சிரட்டையில் சொட்டும் பாலை வெயில் ஏறுமுன் சேர்த்து, அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் தட்டி, புகைக்கூண்டில் காயவைத்தால் ஷீட். 1952இல் சீனாவோடு செய்த றப்பர் - அரிசி ஒப்பந்தத்தில் நாட்டுக்கு அரிசி கொண்டுவந்தது இந்த ஷீட்தான். அரிசி வந்த கதையைப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். அதற்கு நான்கே ஆண்டுகளுக்கு முன், 1948இல், பால் வெட்டிய கைகளின் குடியுரிமையை அதே நாடு பறித்தது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும்.

ஷீட் டயராவது களனியில். 1960களில் சோவியத் உதவியோடு அரசு அங்கே டயர் கூட்டுத்தாபனத்தை நிறுவியது. பின்னாளில் அது தனியார் கைக்குப் போய், இப்போது சியட் களனி என்ற பெயரில் இயங்குகிறது. கார் டயரில் இயற்கை றப்பர் ஒரு பங்குதான். செயற்கை றப்பர், கரித்தூள், கந்தகம், உருக்குக் கம்பி, நூலடுக்கு எல்லாம் சேரவேண்டும். சேர்த்துக் கட்டிய டயர் அச்சுக்குள் போகும்வரை மொழுமொழுவென்றுதான் இருக்கும். 150 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் அச்சு அழுத்தும்போதுதான் அதன் முகத்தில் கோடுகள் விழுகின்றன. தார் ரோட்டுக்கா, சேற்றுக்கா, இரண்டுக்கும் நடுவிலா என்பது அந்தச் சில நிமிடங்களில் முடிவாகிவிடுகிறது. நெருக்கமான மெல்லிய கோடுகள் என்றால் தார். ஆழமான, அகன்ற பள்ளங்களும் தடித்த கட்டிகளும் என்றால் மண்ணும் கல்லும். ஓல்-டெரெய்ன் என்று கடையில் கேட்கும் டயர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது.

மேலே வந்த டயருக்கு முதல் கேள்வி: எந்த வண்டிக்குப் போகப்போகிறாய்? மலையகத்தில் இன்றைக்கு அது பெரும்பாலும் சின்னக் கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் இருந்த வண்டியைக் காப்பாற்றுவதே பிழைப்பாயிற்று. 796 சிசி ஓல்டோவைக் கொஞ்சம் தூக்கி, அடியில் தகடு பூட்டி, பெரிய டயர் போட்டுத் தோட்டத்து ரோட்டுக்குத் தயார்செய்யும் இளைஞர்களை நோர்வூட்டிலும் பொகவந்தலாவையிலும் பார்க்கலாம். இதை வெறும் ஆசை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. இரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை டிவிஷனிலிருந்து டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது பல நேரம் இந்தச் சின்னக் கார்தான். இந்திய உதவியில் கட்டிய 150 கட்டில் ஆஸ்பத்திரி அங்கே 2017 மே மாதம் திறக்கப்பட்டது. லயத்திலிருந்து அதன் வாசலுக்குப் போகும் ரோடு மட்டும் பல தோட்டங்களில் பழைய ரோடாகவே இருக்கிறது.

ஆகவே டயரைச் சரியாகத் தேர்வது உயிர் விஷயம். ஓல்டோவின் சொந்த அளவு 145/80 ஆர்12. அகலம் 145 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அதில் 80 வீதம், ரிம் 12 அங்குலம். மொத்த விட்டம் ஏறக்குறைய 537 மில்லிமீற்றர். தூக்க விரும்புகிறவர்கள் ரிம்மை மாற்றி 155/80 ஆர்13 போடுவார்கள்; விட்டம் 578. வித்தியாசம் 41 என்றாலும் வண்டி உயர்வது அதில் பாதிதான், ஏறக்குறைய 20 மில்லிமீற்றர். ரோட்டு நடுவில் தலைநீட்டும் கல்லில் எஞ்சினின் அடிப்பாகம் இடிக்காமல் தப்ப அது சில இடங்களில் போதும்.

அதற்குக் கொடுக்கும் விலையையும் கணக்குப் பார்க்கவேண்டும். சில்லு பெருத்ததால் இழுவை ஏறக்குறைய 7 வீதம் குறைகிறது. ஐந்து பேரும் ஒரு மூட்டை அரிசியும் ஏறிய 796 சிசி வண்டிக்கு றம்பொடை வளைவுகளில் அந்த 7 வீதம் நன்றாகவே தெரியும். இரண்டாம் கியரில் ஏறிய இடத்தில் முதலாம் கியர் கேட்கும். மீற்றர் 40 என்று காட்டும்போது வண்டி 43இல் ஓடும். பிரேக் அதே பழைய பிரேக், ஆனால் நிறுத்தவேண்டிய சில்லு முன்னைவிடப் பெரிது, பாரமும் கூட. ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் டயர் மட்காட்டில் உரசுகிறதா என்று ஆளேற்றிப் பார்க்காமல் காசு கொடுக்கக்கூடாது.

மழையை மறந்து டயர் வாங்குகிறவர்கள்தான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறார்கள். வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. மே தொடங்கி செப்டெம்பர் வரை ஹட்டன் பக்கமும், ஆண்டுக் கடைசியில் கந்தப்பளை, ராகலைப் பக்கமும் நனைந்தே கிடக்கும். தோட்டத்துச் செம்மண் ஈரத்தில் களியாகி டயரின் கோடுகளை அடைத்துவிடும். அடைத்த டயர் மொட்டை டயர்தான். அகன்ற பள்ளம் உள்ள டயர் சுழலும்போதே அந்தக் களியை உதறும். கருங்கல் சல்லியின் கூர் விளிம்பு பக்கச் சுவரைக் கிழிக்காதிருக்கத் தடிப்பும் வேண்டும். இந்த இரண்டுக்காக ஓல்-டெரெய்ன் டயரை நான் மதிக்கிறேன்.

அதே டயர் ஈரத் தாரில் இறங்கும்போது கதை மாறுகிறது. கட்டிகள் தடித்து, இடைவெளி அகன்றிருப்பதால் தாரைத் தொடும் றப்பர் குறைவு. பிரேக் பிடித்து நிற்கக் கூடுதல் தூரம் வேண்டும். நம்முடைய ரோடுகள் நீளமாக இறங்குபவை. 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் இறங்கிவந்த பஸ் கட்டுப்பாடிழந்து ஒரு வேனிலும் த்ரீவீலிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். மலையில் வண்டி ஏறுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். இறங்கி நிற்பதைப் பற்றித்தான் முதலில் பேசவேண்டும். நாளெல்லாம் தாரில் ஓடி, கடைசி இரண்டு மைல் மட்டும் தோட்டத்து ரோட்டில் போகிற காருக்கு முரட்டுச் சேற்று டயர் கூடவே கூடாது.

அளவை மாற்றாமலேயே வழி உண்டு. ஜப்பானின் சின்ன லொறிகளுக்காக டோயோ நிறுவனம் ஓபன் கன்ட்ரி ஆர்/டி டயரை அதே 145/80 ஆர்12 அளவில் செய்கிறது. சுசுக்கி ஹஸ்லர் வைத்திருப்பவர்களுக்கு அதன் 165/60 ஆர்15 அளவிலேயே யோகோஹாமாவின் ஜியோலாண்டர் வந்திருக்கிறது. லொறி டயரைக் காருக்குப் போட்டால் பாரம் தாங்கும் திறன் கூடும். வழக்கமான கார் டயரின் 74 என்ற எண் ஒரு டயருக்கு 375 கிலோ, லொறி டயரின் 80 என்பது 450 கிலோ. ஆனால் அதன் பக்கச் சுவர் விறைப்பு, ஆள் குலுங்குவார். எது வாங்கினாலும் நான்கும் ஒன்றாக இருக்கவேண்டும். காசில்லை என்று முன்னுக்கு இரண்டு முரட்டு டயர், பின்னுக்கு இரண்டு தேய்ந்த தார் டயர் போட்டால், ஈர வளைவில் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

காற்று விஷயத்தில் மலை ஒரு நல்ல வேலை செய்கிறது. கொழும்பின் 31 பாகைச் சூட்டில் 30 இறாத்தல் அடித்த டயர், நுவரெலியாவின் 10 பாகை விடியலில் குளிருக்கு ஏறக்குறைய 3 இறாத்தல் இழக்கவேண்டும். ஆனால் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் ஏறக்குறைய அதே அளவு குறைந்திருப்பதால் அழுத்தமானி மறுபடி 30 என்றே காட்டும். அதை விடக் குறைவாகக் காட்டினால் காற்று எங்கோ கசிகிறது என்று பொருள், வால்வைப் பாருங்கள்.

தோட்டத்து ரோட்டில் டயர் கிழவனாகும் வேகம் அதிகம். கோடுகளின் அடியில் சிறு மேடுகள் இருக்கும், உயரம் 1.6 மில்லிமீற்றர். மேற்பரப்பு அந்த மேட்டோடு சமமானால் டயரின் கார் வாழ்வு முடிந்தது. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் உண்டு. 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரத்தில் அச்சிலிருந்து இறங்கியது. கோடு ஆழமாக இருந்தும் வயதானதால் றப்பர் வெடித்த டயர்களைப் பழைய டயர் கடைகளில் பளபளவென்று பூசி வைத்திருப்பார்கள். 2022இல் ரூபா சரிந்து இறக்குமதி டயரின் விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது, ரீபில்ட் டயரும் பழைய டயரும்தான் பல குடும்பங்களுக்கு மிஞ்சிய வழி. நல்ல இடத்தில் ரீபில்ட் செய்த டயர் லொறிக்கும் பஸ்ஸுக்கும் பின்பக்கம் ஓடட்டும். சின்னக் காரின் முன்சில்லுதான் இழுக்கிறது, திருப்புகிறது, நிறுத்துகிறது. அந்த இடத்தில் ரீபில்ட் வேண்டாம்.

அதற்குப் பிறகும் டயர் தோட்டத்தை விட்டுப் போவதில்லை. லயத்துக்கு ஏறும் படிக்கட்டாக மண்ணில் புதைகிறது. கரை சரியாமல் அடுக்கிய தடுப்பாகிறது. வாசலில் ஜெரேனியம் வளர்க்கும் தொட்டியாகிறது. தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகாதபடி அடியில் துளை போட்டுவிட்டால் அது நல்ல பயன்தான்.

ஒரு சின்னக் காருக்கு இத்தனை முரட்டு டயர் ஏன் தேவைப்பட்டது? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. பஸ் ஓடும் வீதி தாராக, அதிலிருந்து லயத்துக்குப் பிரியும் ரோடு கல்லாகவே கிடந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். அந்தச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. மஸ்கெலியாவுக்கும் நோர்வூட்டுக்கும் கொட்டகலைக்கும் அக்கரப்பத்தனைக்கும் இன்று தனித்தனிச் சபை இருக்கிறது. வாக்குக் கேட்டு வருகிறவர்கள் அந்த ரோட்டில்தான் வருகிறார்கள். உங்கள் டிவிஷன் ரோட்டின் பெயரையும் நீளத்தையும் எழுதி, பிரதேச சபையில் மனுவாகக் கொடுத்து, கொடுத்த நாளோடு முத்திரையிட்ட பிரதி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சோடி டயருக்குக் காசு சேர்க்கும்போதே அதையும் செய்துவிடுங்கள்.