பேட்டரியை மட்டும் மாற்றினால் போதுமா?

கேரவன் என்றதும் நமக்குப் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் நடிகரின் வண்டிதான் நினைவுக்கு வரும். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் அப்படியில்லை. பணி ஓய்வு பெற்ற தம்பதியர் ஓர் ஏரிக்கரையில் மூன்று நாள் நிறுத்தி, சமைத்து, தூங்கி, நான்காம் நாள் கிளம்பிப் போகும் ஓடும் வீடு அங்கே சாதாரணம். மோட்டார்ஹோம் என்பார்கள். பலவும் ஃபியட் டுகாட்டோ வேனின் அடிச்சட்டத்தில் கட்டியவை.

இந்த வண்டியில் பேட்டரிகள் இரண்டு வகை. ஒன்று இஞ்சினைக் கிளப்ப. மற்றது விளக்கு, ஃபிரிட்ஜ், தண்ணீர் பம்பு, ஹீட்டர் விசிறி ஆகிய வீட்டுச் செலவுக்கு. இந்த வீட்டு பேட்டரியில்தான் இப்போது ஈயம் போய் லித்தியம் வருகிறது. பழைய ஏற்பாட்டில் இரண்டு 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் பேட்டரிகள், இஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து, தானே இணைந்து பிரியும் ரிலே என்னும் சுவிட்ச் வழியாக மின்சாரம் பெறும். புதியதில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, நடுவே ஒரு டிசி-டிசி சார்ஜர். இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

கொள்ளளவும் எடையும்

ஈய-அமில பேட்டரியைப் பிரான்சின் காஸ்டன் பிளாண்டே 1859இல் செய்து காட்டினார். நம் வீட்டு இன்வெர்ட்டருக்குக் கீழே உட்கார்ந்திருப்பதும் அதே வம்சம்தான். ஏஜிஎம் என்பது அதன் மூடிய வடிவம். அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருப்பதால் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் இளையது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழுவினர் 1997இல் அதை வெளியிட்டார்கள். லித்தியம்-அயனி பேட்டரிப் பணிக்காக 2019இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் அவர்.

அட்டையில் இரண்டிலும் 100 ஆம்பியர்-மணி என்றே எழுதியிருக்கும். ஆனால் ஈயத்தைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் சட்டென்று குறையும். எனவே கையில் வருவது 50. லித்தியத்தில் 80, 90 வரை தயங்காமல் எடுக்கலாம். மேலும், ஈயத்தின் கணக்கு 20 மணி நேரம் மெதுவாக, ஐந்து ஐந்து ஆம்பியராக எடுப்பவருக்குச் சொன்னது. இன்வெர்ட்டர் போட்டு 1,000 வாட் காபி இயந்திரத்தை ஓட்டினால் பேட்டரியிலிருந்து 90 ஆம்பியர் போல இழுக்கும். அந்த வேகத்தில் ஈயத்தின் வோல்டேஜ் படுத்துவிடும், கொள்ளளவும் சுருங்கும். லித்தியம் அசைந்துகொடுக்காது.

ஆக, ஒரு லித்தியம் ஏறக்குறைய இரண்டு ஏஜிஎம்முக்கு ஈடு. இரண்டு ஏஜிஎம் சுமார் 60 கிலோ, ஒரு லித்தியம் சுமார் 12 கிலோ. மிச்சமாகும் 48 கிலோ அங்கே சின்ன விஷயமல்ல. பிரிட்டனில் 1997 முதல் கார் ஓட்டுநர் தேர்வில் தேறியவர்களின் சாதாரண உரிமம் பொதுவாக 3,500 கிலோ வரைதான் செல்லும். அந்த வரம்புக்குள் நிற்கும் வண்டியில் 48 கிலோ என்றால் 48 லிட்டர் குடிநீர்.

சாப்பிடும் விதம்

இதுவரை லித்தியத்துக்குத் தெளிவான வெற்றி. சார்ஜ் ஏறும் இடத்துக்கு வந்தால்தான் கதை சிக்கலாகிறது.

ஈயம் மெதுவாகச் சாப்பிடும் கிழவர். 80 சதவீதம் வரை ஓரளவு வேகம் இருக்கும். கடைசி 20 சதவீதத்துக்குப் பல மணி நேரம் பந்தியில் உட்காருவார். அதற்கும் 14.4 வோல்ட் அளவில் அழுத்தம் வேண்டும். முன்னால் இருக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து பின்னால் இருக்கும் பேட்டரிவரை மெல்லிய கம்பியில் வரும்போதே அரை வோல்ட், ஒரு வோல்ட் தொலைந்துபோகும். யூரோ 6 புகை விதிக் காலத்து வண்டிகளில் இன்னொரு தொல்லை: எரிபொருள் மிச்சப்படுத்த ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் தன் வோல்டேஜை அவ்வப்போது வேண்டுமென்றே இறக்கிக்கொள்ளும். விளைவு, நாள் முழுக்க ஓட்டினாலும் பேட்டரி நிறையாது. நிறையாமல் கிடக்கும் ஈயத்தில் சல்பேட் படிந்து கெட்டியாகிறது. இரண்டே வருடத்தில் போய்விட்டது என்று திட்டு வாங்கும் ஈய பேட்டரிகள் பலவும் முதுமையில் சாகவில்லை; அரைப்பட்டினியில் செத்தவை.

லித்தியம் நேர் எதிர். உள்தடை மிகக் குறைவு என்பதால் கொடுப்பதையெல்லாம் ஒரே வேகத்தில் வாங்கிக்கொள்ளும். தடித்த கம்பியில் ஆல்டர்னேட்டரோடு நேராக இணைத்தால், முடிந்தவரை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆல்டர்னேட்டர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. இஞ்சினைக் கிளப்பியதில் குறைந்ததைச் சில நிமிடங்களில் நிரப்பிவிட்டு, பிறகு வண்டியின் விளக்கு விசிறிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பதே அதன் வேலை. வண்டி நின்ற இடத்தில் இஞ்சின் மெதுவாக ஓடும்போது அதன் குளிர்விக்கும் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். அப்போது முழு மின்சாரத்தை மணிக்கணக்கில் கேட்டால் சுருள் வெந்துபோகும்.

வோல்டேஜ் பார்த்து இயங்கும் பழைய ரிலேயும் லித்தியத்திடம் ஏமாறும். அது 13.3 வோல்ட் போலக் கண்டால் இணையும், 12.8 போல இறங்கினால் பிரியும். ஈயத்துக்கு அது சரி. இஞ்சின் நின்றதும் 12.7க்கு இறங்கிவிடும். லித்தியம் சும்மா இருக்கும்போதே 13.3 காட்டும். இஞ்சின் இன்னும் ஓடுகிறது என்று நினைத்து ரிலே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஒரு பெட்டி, இரு வேலை

ஈயம், லித்தியம் இரண்டின் தொல்லைக்கும் மருந்து அதே டிசி-டிசி சார்ஜர்தான். உள்ளே எந்த வோல்டேஜ் வந்தாலும், பேட்டரி கேட்கும் வோல்டேஜாக மாற்றி, தனக்கு விதித்த ஆம்பியருக்கு மேல் போகாமல் கொடுக்கும். ஈயத்துக்கு அது பின்னாலிருந்து தள்ளிவிடும் கை, லித்தியத்துக்குக் கடிவாளம். 30 ஆம்பியர் சார்ஜர் என்றால் இரண்டு மணி நேர ஓட்டத்தில் லித்தியத்துக்கு 60 ஆம்பியர்-மணி கணக்காக ஏறும். ஃபிரிட்ஜும் ஹீட்டரும் சேர்ந்து ஒரு நாளில் 75 போலச் செலவழிக்கும் வண்டிக்கு அது பெரும்பகுதி. ஏஜிஎம்மும் முன்பைவிட நன்றாக நிறையும். ஆனால் கடைசிப் பந்தியை எந்தச் சார்ஜராலும் அவசரப்படுத்த முடியாது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில. 30 ஆம்பியர் வெளியே வர, மாற்றத்தில் வீணாவதையும் சேர்த்து, உள்ளே 37 போல இழுக்கும். கம்பியையும் ஃபியூஸையும் அந்தக் கணக்கில் போட வேண்டும். இரண்டு முனையிலும் பேட்டரி இருப்பதால் ஃபியூஸும் இரண்டு முனையிலும் வேண்டும். பெட்டி சூடாகும், காற்றோட்டம் இல்லாத மூலையில் வைத்தால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பழைய ரிலேயின் வழியைத் துண்டிக்க மறந்தால் மின்சாரம் சார்ஜரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். கரண்டில் ஓடும் சார்ஜரும் சோலார் கன்ட்ரோலரும் லித்தியத்துக்கு ஏற்ற அமைப்புக்கு மாற வேண்டும்.

குளிரும் அளவீடும்

ஈயத்துக்கும் சில வெற்றிகள் உண்டு. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்யக்கூடாது. உள்ளே உலோக லித்தியம் படிந்து நிரந்தரமாகக் கெடும். நல்ல பேட்டரியில் பிஎம்எஸ் என்னும் காவல் சுற்று சார்ஜைத் தடுத்துவிடும். பேட்டரி கெடாது, ஆனால் ஸ்காட்லாந்தின் ஜனவரிக் காலையில் மின்சாரமும் ஏறாது. பேட்டரியை வீட்டுக்குள், இருக்கைக்கு அடியில் வைப்பது இதனால்தான். ஈயத்துக்கு இந்தத் தடை இல்லை.

ஈயத்தில் வோல்டேஜைப் பார்த்தே மிச்சத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லலாம். லித்தியம் பெரும்பகுதி நேரம் 13 வோல்டை ஒட்டியே நின்று, கடைசியில் திடீரென விழும். வரவு செலவை எண்ணும் ஷன்ட் மீட்டர் தேவை. மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும்போது ஈயத்தை நிறைத்து வைக்க வேண்டும். லித்தியத்துக்கு அரை வயிறே நல்லது.

யாருக்கு எது?

பாதி காலியாக்கி மறுபடி நிரப்புவது ஒரு சுற்று என்ற கணக்கில் ஏஜிஎம் சில நூறு சுற்றுகள் வரும்; லித்தியம் ஆயிரக்கணக்கில். மாதக்கணக்கில் மின் இணைப்பில்லாத இடங்களில் தங்குபவருக்கு லித்தியத்தின் கூடுதல் விலை சில வருடங்களில் திரும்பிவிடும். வருடத்தில் இருபது இரவு, அதுவும் கரண்ட் இணைப்புள்ள முகாம்களில் தங்குபவர் அந்த ஆயிரக்கணக்கான சுற்றுகளை ஒருநாளும் செலவழிக்கப் போவதில்லை. அவருக்கு ஏஜிஎம் போதும்.

இரண்டுக்கும் நடுவே இருப்பவர், ஒரே நேரத்தில் எல்லாவற்றுக்கும் பணம் இல்லாதவர், முதலில் சார்ஜரையும் நல்ல கம்பியையும் போடலாம். ஈயம், லித்தியம் இரண்டுக்கும் அமைப்பு மாற்றக்கூடிய சார்ஜராகப் பார்த்து வாங்க வேண்டும். வயிறாரச் சாப்பிடும் பழைய ஏஜிஎம் இன்னும் சில வருடம் உழைக்கும். அது ஓயும் நாளில் லித்தியத்தை வைத்து, சார்ஜரின் அமைப்பை மாற்றினால் முக்கால்வாசி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும்.