பட்டை ரம்பமும் பனித்துளியும்

மரம் அறுக்கும் மில்லுக்குள் நுழைந்து பார்த்திருக்கிறீர்களா? மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு பெரிய சக்கரங்கள். அவற்றைச் சுற்றி, இயந்திரத்தின் தோல்வாரைப் போல, முனையே இல்லாத ஓர் எஃகுப் பட்டை ஓடிக்கொண்டிருக்கும். அதன் ஒரு விளிம்பு முழுவதும் பற்கள். இதுதான் பட்டை ரம்பம்; மில்காரர்கள் ‘பேண்ட் சா’ என்பார்கள். சுவர்ப்பக்கம் திரும்பினால், தீட்டி முடித்த மாற்று ரம்பங்கள் வளையங்களாகச் சுருட்டி மாட்டப்பட்டிருப்பதைக் காணலாம். ஓடுகின்ற ரம்பம் வெள்ளிபோல் மின்னுகிறது. மாட்டி வைத்த ரம்பமோ சில வாரங்களில் செம்பழுப்புப் பூத்துவிடுகிறது. கூரை ஒழுகவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவுமில்லை. பின் இந்தத் துரு எங்கிருந்து வந்தது?

இக்கேள்விக்கு விடை கிடைக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. விடை தந்தவர்களில் ஒருவர்கூட மரம் அறுத்தவர் அல்லர் என்பதுதான் வேடிக்கை.

முதலில் ரம்பத்தின் கதையைப் பார்ப்போம். லண்டனைச் சேர்ந்த வில்லியம் நியூபெரி என்பவர் 19ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே பட்டை ரம்பத்துக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் பட்டையின் இரு முனைகளையும் உறுதியாக ஒட்டுவதற்கு அன்று வழி தெரியவில்லை. சக்கரத்தில் வளைந்து வளைந்து ஓடியதில் ஒட்டிய இடம் விட்டுப்போயிற்று. 1846இல் ஆன் பவுலின் கிரேப்பென் என்ற பிரெஞ்சுப் பெண்மணி நல்லதோர் ஒட்டுமுறையைக் கண்டு காப்புரிமை பெற்றார். பாரிஸ் நகரின் பெரென் நிறுவனம் அதை வாங்கி, சிறந்த எஃகையும் சேர்த்து, நீடித்து உழைக்கும் பட்டைகளைச் செய்தது. 1880களில் அமெரிக்காவின் பெரிய மில்களில் வட்ட ரம்பத்தின் இடத்தை இது பிடிக்கத் தொடங்கியது. காரணம் எளிது. பெரிய வட்ட ரம்பம் ஒவ்வோர் அறுப்பிலும் சுமார் 8 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கிவிடும்; பட்டை ரம்பம் 3 மில்லிமீட்டர் அளவே எடுக்கும். 25 மில்லிமீட்டர் பலகைகளாக அறுத்தால், முன்னதில் மரத்தில் கால் பங்கு தூளாகப் போகும். பின்னதில் பத்தில் ஒரு பங்குதான்.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. மெல்லிய பட்டை ஓயாமல் வளைய வேண்டும். 15 மீட்டர் நீளமுள்ள ரம்பம் வினாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். வினாடிக்கு மூன்று சுற்று. சுற்றுக்கு இரண்டு வளைவு. ஆக 6 வளைவுகள். நான்கு மணி நேரத்தில் 86,400 தடவை அது வளைந்து நிமிர்கிறது! சக்கரத்தின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கே பட்டையின் தடிமன் என்றாலும், எஃகின் யங் குணகத்தை அந்தப் பின்னத்தால் பெருக்கிப் பாருங்கள்: மேற்பரப்பில் சதுர செ.மீ.க்குச் சுமார் 2,000 கிலோகிராம் எடைக்கு ஈடான தகைவு தோன்றுகிறது.

மீண்டும் மீண்டும் வளையும் உலோகம் ‘களைத்து’ முறியும் என்பதை ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 1850களிலும் 60களிலும் ரயில் அச்சுகளை வைத்து ஆராய்ந்து காட்டினார். விரிசல் பெரும்பாலும் ஏதேனும் ஒரு சிறு வடுவில்தான் பிறக்கும். துரு உண்டாக்கும் குழி அத்தகைய வடுவன்றி வேறென்ன? அரிப்பும் களைப்பும் கைகோத்தால் உலோகம் எத்தனை விரைவில் முறியும் என்பதை 1917இல் இங்கிலாந்தின் பி.பி. ஹெய்கும், 1920களில் அமெரிக்காவின் டி.ஜே. மெக்காடமும் எடுத்துக்காட்டினர். ஆகவே, சுவரில் சும்மா தொங்கிய நாட்களில் விழுந்த குழி, முழு வேகத்தில் ஓடும்போது பட்டையை அறுக்கக்கூடும். அறுந்த பட்டை சாட்டைபோல் வீசும்; அருகில் நிற்பவரின் கதி என்ன? துருவை வெறும் அழகுக் குறைவாக நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இனி, நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பனி வானிலிருந்து விழுகிறது என்றே நெடுங்காலம் பலர் நம்பினர். வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற லண்டன் மருத்துவர் கம்பளிப் பஞ்சை எடைபோட்டு, இரவில் வெட்டவெளியில் வைத்து, விடிந்ததும் மீண்டும் எடைபோட்டார். பொருள் முதலில் குளிர்கிறது, அதன்பின் காற்றிலுள்ள ஆவி அதன்மேல் படிகிறது என்று 1814இல் வெளியிட்ட நூலில் அவர் நிறுவினார். பளபளக்கும் உலோகம் வெப்பத்தை எளிதில் கதிர்வீசாது என்பதால் வெட்டவெளியில் அதன்மேல் பனி குறைவாகவே படியும் என்பதையும் அவர் கண்டார். அப்படியானால் பளபளப்பான ரம்பம் தப்ப வேண்டுமே என்று கேட்பீர்கள். மில்லில் நடப்பது வேறு. இரவெல்லாம் குளிர்ந்த எஃகு காலையில் மெல்லத்தான் சூடேறும். அதற்குள் வெப்பமும் ஈரமும் மிக்க காற்று கதவு வழியே புகுந்துவிடும். எஃகு பனிநிலைக்குக் கீழே இருக்குமானால், கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்துவிடும்.

அந்த நீர்ப்படலம் என்ன செய்கிறது? துருப்பிடித்தல் ஒரு மின்வேதி நிகழ்ச்சி என்று 1903இல் அமெரிக்கரான வில்லிஸ் விட்னி விளக்கினார். கேம்பிரிட்ஜில் யூ.ஆர். எவன்ஸ் 1920களில் செய்த உப்புநீர்த் துளிச் சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். உப்புநீரில் சிறிது பினால்ப்தலீனும் பொட்டாசியம் பெரிசயனைடும் கலந்து, தேய்த்த இரும்புத் தகட்டில் ஒரு துளி விடுங்கள். சிறிது நேரத்தில் நடுவில் நீலமும் ஓரத்தில் இளஞ்சிவப்பும் தோன்றும். ஆக்சிஜன் எளிதில் புகும் ஓரம் காதோடு. ஆக்சிஜன் எட்டாத நடுப்பகுதி ஆனோடு. இரும்பு கரைவது நடுவில்தான். ஒன்றோடொன்று ஒட்டிய ரம்பச் சுருள்களின் இடுக்கிலும், பிசின் அப்பிய இடத்துக்கு அடியிலும் குழி விழுவதன் இரகசியம் இதுவே.

எல்லாவற்றிலும் என்னைக் கவர்ந்தது டபிள்யூ.எச்.ஜே. வெர்னானின் ஆய்வு. அவர் இரும்புத் துண்டு ஒன்றை மஸ்லின் துணிக் கூண்டுக்குள் அறையில் வைத்தார். மற்றொன்றை அதே அறையில் திறந்து வைத்தார். திறந்தது துருப்பிடித்தது, கூண்டிலிருந்தது பளபளப்பாகவே இருந்தது. மஸ்லின் காற்றையும் ஈரத்தையும் தடுக்கவில்லை. தடுத்தது தூசியை மட்டுமே! 1935இல் அவர் வெளியிட்ட முடிவு இன்னும் வியப்பானது. கந்தக டை ஆக்சைடு இம்மியளவு கலந்த காற்றில், ஒப்பு ஈரப்பதன் சுமார் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை இரும்பு அநேகமாகத் துருப்பிடிப்பதில்லை. அந்த எல்லையைத் தாண்டியதும் துரு பாய்ந்து ஏறுகிறது. தூசியே மயமான மர மில்லுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் ஏது? மரத்தூள் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. போதாததற்கு அசெட்டிக் அமிலமும், சில மரங்களில் டானினும் அதில் உண்டு.

இதை எங்கள் ஆய்வுக்கூடத்தில் நானே பட்டறிந்தேன். இசைக்கவைகளை மரப்பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு விடுமுறைக்குப் போனோம். திரும்பி வந்து பார்த்தால், பெட்டியைத் தொட்ட பக்கமெல்லாம் துரு. மரப்பெட்டி பாதுகாப்பு என்று எண்ணியது என் பிழை.

சேமிக்கும் முறை இவற்றிலிருந்தே பிறக்கிறது. ரம்பத்தை இறக்கியதும் மண்ணெண்ணெய் தோய்ந்த துணியால் பிசினையும் தூளையும் துடைத்து, உலர்த்தி, எண்ணெய் பூசுங்கள். பற்கள் உரசாதபடி, சிமெண்டுத் தரையில் படாதபடி மாட்டுங்கள். ரம்பத்தைத் தீட்டிச் சீர்செய்பவரை இங்கிலாந்தில் ‘ரம்ப வைத்தியர்’ என்றே அழைப்பார்கள். நோய் வருமுன் காப்பதும் அவர் வேலைதானே! மூடிய அலமாரி இருந்தால் ஒரு சிறு கணக்கு உதவும். 25 டிகிரி செல்சியஸில் 90 விழுக்காடு ஈரப்பதனுள்ள காற்றை 32 டிகிரிக்குச் சூடாக்கினால், நீராவி சற்றும் குறையாமலேயே ஈரப்பதன் 60 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். பழைய இழை விளக்கு ஒன்றை அலமாரியின் அடியில் எரியவிட்டால் இந்த ஏழு டிகிரியைப் பெறலாம், அலமாரி மிகப் பெரிதாக இல்லாவிட்டால். இன்றைய எல்.இ.டி. விளக்கின் சூடு இதற்குப் போதாது.

பூசும் பொருள்களின் வரலாறும் சுவையானது. 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ஒரு சிறு நிறுவனம் அட்லஸ் ஏவுகணையின் மேல்தகட்டைத் துருவிலிருந்து காக்க முயன்றது. நீரை விலக்கும் கலவை நாற்பதாவது முயற்சியில் கைகூடியது. அதுதான் கடைகளில் கிடைக்கும் டபிள்யூ.டி.40, பெயரிலுள்ள எண் அந்த முயற்சியின் எண். ஈரத்தை விரட்ட அது நல்லது. மாதக்கணக்கில் வைக்க வேண்டிய ரம்பத்துக்குத் தடித்த எண்ணெயோ, ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லேனோலினோ மேல் என்பது என் கருத்து. தானே ஆவியாகி எஃகின்மேல் படிந்து காக்கும் வேதிப்பொருள் தோய்ந்த தாள்களும் இப்போது உண்டு.

அத்தகைய தாளில் சுற்றிய புது ரம்பம் குளிர்ந்த அதிகாலையில் லாரியிலிருந்து இறங்கினால், ஆவலில் உடனே பிரித்துவிடாதீர்கள். உறையோடு அப்படியே கிடக்கட்டும். எஃகு அறையின் சூட்டுக்கு வந்துசேர மதியம் ஆகலாம், அதன்பின் பிரியுங்கள்.