மதிலும் எல்லைக்கல்லும்: செஞ்சி மலைகளின் வழியே ஒரு வனக்கொள்கை வரலாறு

2025 ஜூலை 11 அன்று பாரிசில் கூடிய யுனெஸ்கோவின் உலக மரபுக் குழு, மராத்தியரின் இராணுவ நிலவமைப்பு என்ற வகையில் பன்னிரண்டு கோட்டைகளை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளவை, மற்றொன்று செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் மதிலால் பிணைத்து நிற்கும் இக்கோட்டை 1921 முதல் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பட்டியலில் சேர்ந்தது பண்பாட்டுப் பிரிவில். அந்த மதில்கள் தழுவிச் செல்லும் பாறைச்சரிவுகளுக்கும், அவற்றின் இடுக்குகளில் வேர்விட்ட புதர்க்காட்டுக்கும், மேற்கே தொடரும் பக்கமலைக்கும் பொறுப்பு வேறு துறைகளிடம், வேறு சட்டங்களிடம் கிடக்கிறது. செஞ்சியின் இயற்கை பாதுகாப்பே இல்லாமல் நலிந்தது என்று சொல்வது வழக்கம். ஆவணங்கள் காட்டுவது வேறு. ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளாக இம்மலைகளின்மேல் ஏதாவதொரு பாதுகாப்புச் சட்டம் இருந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சட்டமும் தனக்கு வேண்டிய ஒரு பொருளைக் காத்தது. விறகு, அரசு வருவாய், மரப்பரப்பு, கட்டடம் என்று அந்தப் பொருள் மாறிவந்ததே தவிர, அங்கே இயல்பாக வாழும் உயிர்த்தொகுதி மிக அண்மைக்காலம் வரை அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை.

கோட்டை 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கும் 1761இல் ஆங்கிலேயர் கைக்கும் போயிற்று. 1780இல் ஐதர் அலி பிடித்ததோடு அதன் போர்ப்பயன் முடிந்தது. படை விலகிய மலையை அடுத்துச் சூழ்ந்தது விறகுச் சந்தை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பரங்கிப்பேட்டையில் இயங்கிய இரும்பு உலைகள் மரக்கரியை நம்பியிருந்தன; தென்னார்க்காட்டுக் காடுகள் அந்தச் சுமையைத் தாங்கின. பின்னர் ரயில் வந்தது, அதன் எஞ்சின்களுக்கும் விறகு வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தின் முதல் வனக்காப்பாளராக 1856இல் ஹ்யூ கிளெக்ஹார்ன் அமர்த்தப்பட்டதன் பின்புலம் இந்த விறகுக் கவலைதான். 1876இல் வன அதிகாரி பெட்டோம் சீமைக் கருவேல விதையைத் தருவிக்கக் கோரியதும், அடுத்த ஆண்டுகளில் கடப்பைப் பகுதியில் அது நடப்பட்டதும் அதே கவலையின் தொடர்ச்சி. இன்று செஞ்சி வட்டாரத்து ஏரிகளிலும் தரிசுகளிலும் மண்டிக் கிடக்கும் அந்த மரம் கேட்பாரற்று நுழைந்த களையல்ல. வனத்துறையே அழைத்துவந்த விருந்தாளி.

அந்தக் காலத்தில் ஒரு மாற்றுக் குரலும் எழுந்தது. இந்திய அரசு ஒரே வனச்சட்டத்தை நாடு முழுவதற்கும் விரிக்க முனைந்தபோது, 1870களின் தொடக்கத்தில் சென்னை வருவாய் வாரியம் மறுத்தது. ஊர் எல்லைக்கு உட்படாத காடு மாகாணத்தில் அரிது, அவற்றில் ஊராருக்கு நெடுங்கால உரிமை உண்டு என்பது அதன் வாதம். அதனால் 1878ஆம் ஆண்டின் இந்திய வனச்சட்டம் இங்கே பொருந்தாமல் போய், 1882இல் சென்னைக்கென்று தனிச் சட்டம் பிறந்தது. நடைமுறையில் வேறுபாடு எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. நான்காம் பிரிவில் அறிவிப்பு, வனத் தீர்வு அதிகாரியின் விசாரணை, பதினாறாம் பிரிவில் காப்புக்காடு என்ற பிரகடனம். குறித்த கெடுவுக்குள் கோராத உரிமைகள் அற்றுப்போயின. எழுத்தறியாத மேய்ப்பர்களும் இருளர்களும் அந்தக் கெடுவுக்குள் எப்படி மனுக் கொடுத்திருப்பார்கள் என்று எண்ணிப்பார்க்கலாம். எல்லைக்கல்லுக்கு உள்ளே வனத்துறை, வெளியே மேய்ச்சல் புறம்போக்கு என்று நிலம் பிரிந்ததும், உள்ளே இடமிழந்த மேய்ச்சலும் சுள்ளி பொறுக்கலும் வெளியே குவிந்தன. 1913இல் வெளிவந்த வனக்குழு அறிக்கைக்குப் பின் சில காடுகளை ஊர்ப் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கும் முயற்சி நடந்தது. விடுதலைக்குப் பின் அதுவும் தேய்ந்தது.

இம்மலைகளில் வளர்வது எது என்பதை அரசின் வகைப்பாடு நெடுங்காலம் சரியாகப் பிடிக்கவில்லை. சோழமண்டலக் கடற்கரையின் உலர் பசுமைமாறாக் காட்டை 1936இல் சாம்பியனும், பிறகு 1968இல் சாம்பியன், சேத் இருவரும் தனி வகையாகக் குறித்தனர். 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அதன் தாவர வரைபடங்களில் இந்தக் காட்டை உற்றுநோக்கியது. காயா, வீரை, பாலை, குருந்து போன்ற அந்தக் காட்டின் இனங்கள் செஞ்சிப் பகுதியில் ஈரம் தங்கும் மலைமடிப்புகளில் ஒதுங்கியிருக்க, வெயில் அறையும் சரிவுகளில் உசிலையும் வெப்பாலையும் காரையும் சூரையும் முட்புதர்க்காடாக நிற்கின்றன. மெல்ல வளர்பவை, உயரம் குறைந்தவை, வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்ப்பவை. பழம் தின்னும் பறவைகள் விதையைக் கொண்டுசெல்கின்றன. இவ்வகைக் காடு மீள்வதற்கு முதல் தேவை குழி தோண்டுவதன்று. வெட்டும் தீயும் சில பத்தாண்டுகள் விலகியிருந்தால் போதும். ஆனால் விலகியிருப்பதற்கு வரவுசெலவுத் திட்டத்தில் தலைப்பு கிடையாது.

விடுதலைக்குப் பிந்தைய கொள்கைகளில் இந்தச் சிக்கல் கூர்மையாகிறது. 1952ஆம் ஆண்டு தேசிய வனக்கொள்கை நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு காடாக வேண்டும் என்றது. 1974இல் தொடங்கிய தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் பழைய தென்னார்க்காட்டில் தைலமரமும் முந்திரியும் வளர்த்தது. சூழல் சமநிலையே முதல் நோக்கம் என்று 1988ஆம் ஆண்டுக் கொள்கை திருத்திச் சொன்னபோதும் மூன்றில் ஒரு பங்கு இலக்கு நிலைத்தது; 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழகம் இயக்கம் 23.7 விழுக்காட்டை 33ஆக உயர்த்துவதைக் குறியாக வைத்திருக்கிறது. அளவுகோலைப் பாருங்கள். இந்திய வன அளவை நிறுவனத்தின் கணக்கில், ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் பத்து விழுக்காட்டுக்குமேல் மரக்கவிகை இருந்தால் அது வனப்பரப்பு. யாருடைய நிலம், என்ன மரம் என்ற கேள்வி இல்லை. ஆகவே திண்டிவனம், மரக்காணம் பக்கத்துச் சவுக்குத் தோப்பு காடாக எண்ணப்படலாம். கவிகை குறைந்த செஞ்சிப் பாறைச்சரிவு 'புதர்' என்று தள்ளப்படலாம். இந்தக் கணக்கை வைத்து மேம்பாட்டுக்கு இடம் தேடும் அதிகாரி புதரைத்தான் நிரப்பப் பார்ப்பார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. 1997இல் ஜப்பான் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு காடுவளர்ப்புத் திட்டம் கன்று நட்டதோடு நிற்கவில்லை. தடுப்பணைகளும் கசிவுநீர்க் குட்டைகளும் அமைத்தது, கிராம வனக்குழுக்களின் வழியே மலையடி ஊர்களுக்குப் பிழைப்பு தந்தது, வேலியிட்டுக் காத்ததால் அழிந்த சரிவுகள் சில மூடவும் செய்தன. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நன்மையைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பங்கு நீர்த்தேக்கத்தாலும் காவலாலும் வந்ததாகவே தோன்றுகிறது. நட்ட கன்றின் பங்கு அதற்குப் பின்புதான். தொல்லியல் துறை தரப்பு மறுப்பும் நியாயமானது: அரசும் ஆலும் வேர்விட்டால் மதில் பிளக்கும், செடியை அகற்றாமல் கோட்டையைக் காக்க முடியாது. கட்டுமானத்தின்மேல் முளைத்ததை அகற்றட்டும். மதிலுக்கு அப்பாலுள்ள பாறைச்சரிவுக்கு அந்த வாதம் எட்டாது. 2010ஆம் ஆண்டுத் திருத்தம் நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரில் கட்டடத்தைத் தடுக்கிறது, அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்துகிறது. செடிகொடிக்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. காப்புக்காட்டுக்கோ, 2021இல் ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று மாநில அரசு விதித்த தடை அடுத்த ஆண்டே தளர்த்தப்பட்டது. கருங்கல் குன்றுகள் நிறைந்த வட்டாரத்தில் இதன் பொருளை விளக்கத் தேவையில்லை.

கொள்கை முதன்முறையாகத் திசை திரும்பியது 2022இல். அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றி இயல்பான சூழலை மீட்பதற்கென்றே தமிழ்நாடு அரசு ஒரு கொள்கை வெளியிட்டது. உண்ணிச்செடி, சீமைக் கருவேலம், மஞ்சள் கொன்றை தொடர்பான உயர்நீதிமன்ற வழக்குகள் அதற்கு உந்துதல். அதே ஆண்டு நவம்பரில் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி, உயிரியல் பன்மயச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி மாநிலத்தின் முதல் பல்லுயிர் மரபுத்தலமானது. பாறைக்குன்று, சமணப் படுகை, குடைவரை, ஏரி, வேட்டைப்பறவை எல்லாம் அங்கே ஒரே அறிவிப்பில் அடங்கின. திருநாதர்குன்றின் சமணச் சிற்பங்களும் கோட்டைக் குளங்களும் புதர்க்காடும் அடுத்தடுத்து இருக்கும் செஞ்சிக்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி கிடையாது. அந்தத் தகுதி இருந்தும் 2024இல் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் அரிட்டாபட்டிப் பகுதி சிக்கவில்லையா என்று கேட்கலாம். சிக்கியது. ஊர்மக்கள் எழுந்ததும், சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியதும், 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை விலக்கியதும் சேர்ந்தே அதை மீட்டன. அறிவிப்பு அங்கே மக்களின் கையில் ஒரு பிடிமானமாக இருந்தது.

செஞ்சியில் அப்படியொரு அறிவிப்புக்கு எல்லை வகுப்பதானால் கோட்டை மதிலோ வன எல்லைக்கல்லோ அளவுகோலாகாது. செஞ்சிப் பகுதி மலைகளில் பெருகும் சங்கராபரணி வீடூர் அணையைக் கடந்து புதுச்சேரிக்குப் போகிறது. சுத்துக்கேணி வாய்க்கால் வழியே அதன் நீர் ஊசுட்டேரிக்குச் சேர்கிறது. அந்த ஏரியைத் தமிழ்நாடும் புதுச்சேரியும் தத்தம் பகுதியில் பறவைகள் சரணாலயமாக்கியிருக்கின்றன. நீர் போய்ச் சேரும் இடத்துக்குச் சரணாலயமும் நீர் புறப்படும் சரிவுக்குக் குவாரி உரிமமும் வழங்குகிற நிர்வாகத்தில், உலக மரபுத் தலத்துக்கான மேலாண்மைத் திட்டத்திலாவது வனத்துறையும் தொல்லியல் துறையும் மலையடி ஊராட்சிகளின் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்களும் ஒரே வரைபடத்தின்மேல் கையெழுத்திட வேண்டும். மேய்ச்சலும் விறகும் எங்கே தொடரலாம், எந்தச் சரிவை எத்தனை ஆண்டு விட்டுவைப்பது என்பதை இருளர் உட்பட அங்கே வாழ்வோரிடம் கேட்டு முடிவு செய்வது அந்த வரைபடத்தின் முதல் வேலையாக இருக்கும்.