ஓகோனலுஃப்டி ஆற்றங்கரையில் ஒரு மலைப்பண்ணை

பழைய வீடு ஒன்றைக் காணும்போது நம் உள்ளத்தில் முதலில் எழும் வினா, 'இதைக் கட்டியவர் யார்?' என்பதே. அதற்கு விடை கிடைத்ததும் நாம் நிறைவடைந்துவிடுகிறோம். 'இங்கு வாழ்ந்தவர்கள் எங்கே போனார்கள்? அவர்களுக்கு முன் இந்நிலம் யாருடையதாக இருந்தது?' என்னும் அடுத்த வினாக்களை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. அவற்றையும் கேட்டாக வேண்டும் என நம்மை வற்புறுத்தும் ஓரிடம், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கிரேட் ஸ்மோக்கி மலைகளின் அடிவாரத்தில் இருக்கிறது.

வட கரோலினா, டென்னசி என்னும் இரு மாநிலங்களின் எல்லையில் நீண்டு கிடப்பவை இம்மலைகள். புகைபோல் எந்நேரமும் படர்ந்திருக்கும் நீலநிற மூடுபனியே இவற்றுக்குப் பெயராயிற்று. வட கரோலினாப் பகுதியில் ஓகோனலுஃப்டி என்னும் ஆறு மலையிலிருந்து இறங்கி, அகன்றதொரு சமவெளியில் அமைதியாக ஓடுகிறது. அச்சமவெளியில்தான் மலைப்பண்ணை அருங்காட்சியகம் உள்ளது. குடியிருப்பு வீடு, களஞ்சியக் கொட்டகை, கொல்லன் பட்டறை, ஆப்பிள் வீடு, மக்காச்சோளக் குதிர், பன்றித் தொழுவம் ஆகியன வேலியிட்ட தோட்டத்தைச் சுற்றி நிற்கின்றன.

இவற்றுள் மையமாக விளங்குவது டேவிஸ் வீடு. 1900ஆம் ஆண்டையொட்டி ஜான் டேவிஸ் என்னும் மலைக்குடியானவர் இதனைக் கட்டினார். செஸ்நட் மரங்களை வெட்டி, ஒவ்வோர் அடிமரத்தையும் நெடுக்காக இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை ஒரு சுவரிலும் மறுபாதியை எதிர்ச்சுவரிலும் பொருத்தினார். ஆகவே இவ்வீட்டின் எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றற்கொன்று இணையானவை. புகைபோக்கிக்கு வேண்டிய கற்களை, எட்டும் நான்கும் வயதான அவருடைய மைந்தர் இருவர், எருதுகள் இழுத்த சறுக்குவண்டியில் சேர்த்துக்கொண்டு வந்தனர். ஒரு குடும்பமே கூடி எழுப்பிய வீடு என இதனைச் சொல்வது மிகையன்று.

அந்தச் செஸ்நட் மரத்திற்கும் ஒரு கதையுண்டு. எளிதில் உளுத்துப்போகாத அதன் மரம் வீட்டிற்கும் வேலிக்கும் உதவியது. இலையுதிர் காலத்தில் உதிரும் அதன் கொட்டைகளைத் தின்று பன்றிகள் கொழுத்தன. எஞ்சியவற்றை மக்கள் உண்டனர், விற்றனர். 1904இல் நியூயார்க்கில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை நோய், மெல்ல மெல்லத் தெற்கே பரவி, 1930களிலும் 1940களின் தொடக்கத்திலும் இம்மலைகளின் செஸ்நட் காடுகளை அழித்துவிட்டது. வேரிலிருந்து இன்றும் தளிர் கிளம்புகிறது. ஆனால் பெருமரமாகும் முன்பே நோய் அதனைக் கொன்றுவிடுகிறது. காட்டில் காண முடியாத பெருமரங்களை இன்று நாம் அந்த வீட்டின் சுவர்களில்தான் காண்கிறோம்.

பண்ணையின் மற்றக் கட்டடங்களும் உழைப்பின் நுட்பத்தைப் பேசுகின்றன. ஆப்பிள் வீட்டின் தடித்த சுவர்கள் கடுங்குளிரில் பழங்கள் உறைந்துபோகாமல் காத்தன. ஊற்றுநீர் ஓடும் சிறு அறையில் பாலும் வெண்ணெயும் குளிர்ச்சியாக வைக்கப்பட்டன. மக்காச்சோளக் குதிரின் மரச்சட்டங்களுக்கிடையே விடப்பட்ட இடைவெளி, காற்றை உள்ளே விட்டுக் கதிர்களை உலர்த்தியது. அடுப்புச் சாம்பலை மரத்தொட்டியில் இட்டு, நீர் ஊற்றி வடித்தெடுத்த காரநீரைக் கொழுப்புடன் காய்ச்சிச் சவர்க்காரம் செய்தனர். உட்புறம் பொள்ளலான அடிமரத் துண்டுகளே தேன்கூடுகளாயின. இனிப்புச் சோளத்தட்டையைப் பிழிந்து பாகு காய்ச்சும் ஆலையும் உண்டு. அரை மைல் வடக்கே, 1886இல் கட்டப்பட்ட மிங்கஸ் மாவாலை நிற்கிறது. வழக்கமான நீர்ச்சக்கரத்துக்கு மாற்றாக வார்ப்பிரும்புச் சுழலி அதன் எந்திரங்களை இயக்கியது.

இத்தனையும் கண்டு மகிழும் நாம், ஓர் உண்மையை அறியும்போது சற்றே திகைத்து நிற்கிறோம். இந்தப் பண்ணையில் எந்தக் குடும்பமும் வாழ்ந்ததில்லை! என்லோ குடும்பத்தாரின் கொட்டகை ஒன்றே இவ்விடத்துக்கு உரியது. அதுவும் ஏறத்தாழ இருநூறு கெஜம் நகர்த்தப்பட்டது. ஏனையவை மலையின் பல பள்ளத்தாக்குகளிலிருந்து 1950களில் பிரித்துக் கொண்டுவரப்பட்டு இங்கே மீண்டும் நிறுத்தப்பட்டவை. அவ்வீடுகள் ஏன் ஆளின்றிக் கிடந்தன?

தேசியப் பூங்காவே அதற்கு விடை. மரநிறுவனங்கள் இம்மலைகளின் காடுகளைப் பெருமளவில் வெட்டிச் சாய்த்தபின், எஞ்சியதைக் காக்கும் முயற்சி 1920களில் வலுப்பெற்றது. பொதுமக்களின் நன்கொடையும், இரு மாநிலங்களின் நிதியும், ராக்பெல்லர் குடும்பத்தார் அளித்த 50 இலட்சம் டாலரும் சேர்ந்து நிலங்கள் வாங்கப்பட்டன. 1934இல் பூங்கா நிறுவப்பட்டது. 1940 செப்டம்பர் 2ஆம் நாள் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். காடு பிழைத்தது. ஆனால் காட்டை அழித்த பெரும் நிறுவனங்களோடு, அதில் சிறு வயல் உழுத எளிய குடியானவர்களும் வெளியேற வேண்டியதாயிற்று. வாழ்நாள் முழுதும் தங்கியிருக்க இசைவு பெற்றோர் சிலரே. ஏனையோர் தம் முன்னோரின் கல்லறைகளை விட்டுவிட்டு இறங்கிச் சென்றனர்.

அவர்களுக்கு முன் இந்நிலம் யாருடையது? ஓகோனலுஃப்டி என்னும் பெயரே அதற்குச் சான்று. 'ஆற்றின் அருகே' எனப் பொருள்படும் செரோக்கி மொழிச் சொல்லின் திரிபு அது. செரோக்கி மக்களுள் ஒரு சிறு குழுவினர் மட்டும் கையெழுத்திட்ட 1835ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைக் காரணம் காட்டி, 1838இல் படைவீரர்கள் அவர்களை வளைத்துப் பிடித்து மேற்கே விரட்டினர். ஏறத்தாழ 16,000 பேர் அனுப்பப்பட்டதாகவும், அவர்களுள் 4,000 பேர் மடிந்ததாகவும் கணக்கிடுவர். 'கண்ணீர்ப் பாதை' என வரலாறு அதனை அழைக்கிறது. ஓகோனலுஃப்டி ஆற்றோரம் வாழ்ந்த ஒரு பகுதியினரும், மலைகளில் மறைந்து தப்பியோரும் எஞ்சினர். அவர்களின் வழிவந்தோரே, பூங்காவின் எல்லையை ஒட்டிய நிலத்தில் இன்று கிழக்குச் செரோக்கிக் குழுவாக வாழ்கின்றனர்.

பண்ணையிலிருந்து செரோக்கி நகர்வரை ஆற்றங்கரை நெடுகிலும் ஒன்றரை மைல் நீளமுள்ள நடைபாதை செல்கிறது. மரநிழலும் நீரொலியும் துணைவர, முதியோரும் சிறுவரும் எளிதாக நடக்கத்தக்க சமதளப் பாதை அது. வழியில் உள்ள அறிவிப்புப் பலகைகள் ஆங்கிலத்தோடு செரோக்கி மொழியிலும் பேசுகின்றன. அதிகாலையிலும் அந்தியிலும் பண்ணையை அடுத்த புல்வெளியில் எல்க் என்னும் பெருமான்கள் மேய வருவதுண்டு. வேட்டையாலும் வாழிட இழப்பாலும் இப்பகுதியில் அற்றுப்போயிருந்த அவ்வினத்தில் 52 மான்களை, 2001, 2002ஆம் ஆண்டுகளில் கொண்டுவந்து இம்மலைகளில் விட்டனர், அவை பெருகின. 50 கெஜத்துக்குள் அவற்றை நெருங்கலாகாது என்பது விதி.

மான் திரும்பி வந்தது. பெயரும் ஒன்று திரும்பி வந்தது: 6,643 அடி உயரமுள்ள இப்பூங்காவின் முதற்சிகரம், ஓர் அரசியல்வாதியின் பெயரால் கிளிங்மன்ஸ் டோம் என வழங்கியது. செரோக்கி மக்களின் வேண்டுகோளை ஏற்று, 2024 செப்டம்பரில் 'குவோஹி' என்னும் பழம்பெயரே அதற்கு மீண்டும் சூட்டப்பட்டது. 'முசுக்கட்டை மரங்களின் இடம்' என்பது அதன் பொருள்.

ஆனால் உழவர் திரும்பவில்லை. அடுப்பு மூட்டியிருந்த வீடு காட்சிப்பொருளாயிற்று. பூங்கா தவறென்று நாம் சொல்லத் துணியோம். அது இல்லையேல் காடும் இல்லை, மானும் இல்லை. எனினும் ஒரு நன்மைக்கு விலை கொடுத்தவர் யார் என்பதை மறவாதிருத்தல், அந்நன்மையை நுகர்வோரின் கடன். ஆண்டுதோறும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் இம்மலைகளுக்கு வருகின்றனர். பிளந்த மரத்தின் இரு பாதிகள் எதிரெதிரே நிற்கும் அந்த வீட்டினுள் நின்று, காத்ததையும் இழந்ததையும் சேர்த்தே எண்ணிப் பார்ப்பவரே அதனை முழுமையாகக் கண்டவராவர்.