பின்னல் கூலியும் விடுதலை விலையும்

கையால் ஆடை பின்னுவதைக் குடும்பப் பெண்களின் ஓய்வுநேரக் கலையாகப் பேசுவோர், நாகர்கோவில் லேஸ் வரலாற்றை அவசியம் வாசிக்க வேண்டும்.

லண்டன் மிஷன் சங்கத்தின் சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் 1819-இல் நாகர்கோவில் வந்தனர். மார்த்தா தம் பெண்கள் விடுதிப் பள்ளியில் லேஸ் பின்னலைக் கற்பித்தார். திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்யும் நுண்பணி அது. அவர் மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்தபின் அதனை இடையன்குடியிலும் பரப்பினார்.

அப்பள்ளியில் அடிமைக் குடும்பச் சிறுமியரும் பயின்றனர். அவர்களுள் சிலர் பின்னல் கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர். திருவிதாங்கூரில் அடிமைமுறை முற்றாக ஒழிந்தது 1855-இல்தான்.

ஐரோப்பியச் சீமாட்டிகளின் ஆடைக்கு அழகு சேர்த்த அந்நிலத்தில், உழைக்கும் சாதிப் பெண்கள் தோள்சீலை அணிந்ததற்காகத் தாக்கப்பட்டனர். 1859 ஜூலை அரசாணை நாடார் பெண்கள் மார்பை மறைக்க இசைந்தது. உயர்சாதிப் பெண்களைப் போல் உடுத்தலாகாது என்ற தடையை மட்டும் நீக்கவில்லை. ஆடையைப் பின்னும் திறமையும் அதனை அணியும் உரிமையும் வெவ்வேறாகவே இருந்தன.

தாராவியிலும் டிராம்பேயிலும் வீட்டிலிருந்தே உருப்படிக் கூலிக்குத் தைக்கும் பெண்களை ஆராயும் மாணவர்களுக்கு இவ்வரலாறு இரண்டு வினாக்களைத் தருகிறது: உருவான ஆடை யாரைச் சேர்ந்தது? கூலி யார் கையில் நின்றது?