பெயரும் பயனும்

கண்டிச் சீமையின் வரலாற்றை எழுதுவோர் 1867ஆம் ஆண்டை மறப்பதில்லை. லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது அவ்வாண்டிலேதான். அவர் பெயர் நிலைத்தது. தோட்டங்களெங்கும் காடழித்து, கன்று நட்டு, கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளரின் பெயரோ செக்ரோலைத் தாண்டி வரலாற்றில் ஏறவில்லை. தோட்டத்துப் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான நாட்கூலி கிடைத்தது 1984இல். இடையே ஓடியவை 117 ஆண்டுகள். அதுவும் கருணையால் வந்ததன்று, வேலைநிறுத்தத்தால் வந்தது.

இன்று கண்டி நகரில் கணினிச் செய்நிரல் எழுதும் இளைஞர் தம்மைத் தொழிலாளர் என்று எண்ணுவது அரிது. ஆயினும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கூறுவதென்ன? செய்நிரலை நூலுக்கு ஒப்பாக அது காக்கிறது. ஆனால், மாறான ஒப்பந்தம் இல்லாதவிடத்து, ஊழியர் தம் பணியின்போது எழுதியதன் பொருளாதார உரிமையைத் தொழில்தருநரிடமே ஒப்படைக்கிறது. படைப்பில் தம் பெயர் விளங்க வேண்டும் என்னும் ஒழுக்க உரிமை எழுதியவருக்கு எஞ்சுகிறது.

கொழுந்து பறித்தவளுக்குப் பெயரும் இல்லை, பயனும் இல்லை. இவருக்குப் பெயர் உண்டு. பயன் சம்பளத்தோடு முடிகிறது. ‘மாறான ஒப்பந்தம்’ என்னும் அச்சிறு வாசல் தனித்து நிற்பவருக்கு எளிதில் திறவாது. திரண்டு கேட்போருக்கே திறக்கும். தோட்டம் நமக்குக் கற்பித்த பாடம் அதுவே.