‘நிலம்’ எனப்பட்ட வீடு

எடின்பரோவின் லான்மார்க்கெட் தெருவில் நிற்கும் ஆறு மாடிக் கட்டடம் கிளாட்ஸ்டோன்ஸ் லேண்ட். ஸ்காட்ஸ் மொழியில் ‘லேண்ட்’ என்னும் சொல், நிலத்தோடு, பல குடும்பங்கள் அடுக்கடுக்காக வாழும் கட்டடத்தையும் குறித்தது. குறுகிய மலைமுகட்டு நகரில் மனை அரிது. ஆகவே வீடுகள் மேல்நோக்கி வளர்ந்தன.

1617இல் இதை வாங்கிய வணிகர் தாமஸ் கிளெட்ஸ்டேன்ஸ், முகப்பைத் தெருப்பக்கம் நீட்டிக் கீழே கல் வளைவுகளை எழுப்பினார். மாடிகளை வாடகைக்கு விட்டார். வணிகரும் மதகுருவும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். 1620ஆம் ஆண்டளவில் மர விதானங்களில் பூக்களும் கனிகளும் தீட்டப்பட்டன. பின்னர் அவை மறைக்கப்பட்டன.

1934இல் இடிக்கப்படவிருந்த கட்டடம் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் கைக்கு வந்து பிழைத்தது. சீரமைப்பின்போதே விதான ஓவியங்கள் மீண்டும் வெளிப்பட்டன. பாழ்வீடு என்று இடித்திருந்தால், அச்சொல்லுக்குப் பொருள் தந்த வாழ்க்கையின் சான்றும் மண்ணோடு போயிருக்கும்.